ஏழாம் கம்பி

மார்க்கண்டு சைக்கிள் கரியரில் சாக்கை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். பின்னேரம் ஐஸ் கொண்டுவருவதற்கு.

"பெரிய கட்டியாப் பாத்துக் கொண்டு வாங்கோ. போனமுறை அரியாலை வீட்டுக்கு வரமுதலே பாதி தண்ணி," என்றாள் மனைவி குணலட்சுமி.

"உன்ரை பெட்டி உள்ளை விட்டால்தானே!" சிரித்துக்கொண்டே மிதித்தான்.

பெட்டி என்றது அவன் வேலை செய்யும் கொழும்புத்துறை ஐஸ் தொழிற்சாலையில் அவள் வேலை செய்யவைத்திருந்த கம்ப்யூட்டரை. எண்பத்தாறில் அது அங்கே ஒரு புதினம். குளிர் அறையில், ஐஸை உறையவைக்கும் நச்சுவாயுவான அமோனியா கசிந்தால் சுவரிலிருக்கும் கருவி அறிந்து பெட்டிக்குள் ஒரு மின் அட்டைக்குச் சொல்லும். செய்கிற வேலையை விட்டுவிட்டு இதைப் பார் என்று அந்த அட்டை கம்ப்யூட்டரைக் கூப்பிட ஒரு கம்பி வேண்டும். இன்ரறப்ட் என்பார்கள். கம்பிகள் கொஞ்சம்தான், ஒன்றை ஓர் அட்டை பிடித்துவிட்டால் மற்றதற்கு இல்லை. காலையில் பெட்டியைத் திறந்ததும் அவளுடைய புரோகிராம் ஏழாம் கம்பியைக் கேட்கும். கிடைத்தால்தான் வாயு கசியும்போது மணி அடிக்கும்.

முதலில் அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். கம்பியைக் கேட்பது முன்னால், கிடைத்ததோ இல்லையோ என்று திரையில் சொல்வது பின்னால். முதலாளி நமசிவாயத்துக்கு அது பிடிக்கவில்லை.

"கற்பூரம் காட்டித் திறக்கிற பெட்டி, பிள்ளை. முதல் வரியிலை 'இல்லை' எண்டு வந்தால் அண்டைக்கு வியாபாரம் விளங்குமோ? பிள்ளையார் சுழி மாதிரி ஒரு நல்ல சொல்லுப் போடு."

தன் கொப்பிகளில் எல்லாப் பக்கத்துக்கும் சுழி போடுகிறவள்தான் அவளும். அது பிழையென்று தோன்றவில்லை. 'சுபம்' என்ற வரியைத் தூக்கி மேலே வைத்தாள். அதனோடு குளிர் அறை வாசலில், உள்ளே போகலாம் என்ற பச்சை விளக்கும் எரியும். கம்பி கேட்பது அதன் பிறகு. கிடைக்காவிட்டால் புரோகிராம் சத்தமில்லாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

மார்க்கண்டு சாக்குக் கட்டிக்கொண்டு போனதற்கு முதல்நாள் யாரோ வந்து பில் அடிக்க ஓர் அச்சுப்பொறி பூட்டியிருந்தார்கள். அது ஏழாம் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அன்று காலை திரையில் சுபம் வந்தது. பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு மார்க்கண்டு உள்ளே போனான். அமோனியாக் குழாயின் பூட்டு வெடித்திருந்தது. மணி அடிக்கவில்லை.

அவனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமை நமசிவாயம் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார்.

"கடவுள் விட்ட வழி, பிள்ளை. நாங்கள் என்ன செய்யிறது?"

"கடவுளில்லை ஐயா. சொல்லை மேலை வைக்கச் சொன்னது நீங்கள். வைச்சது நான்."

அவள் கொப்பியை எடுத்து விரித்தாள்.

"இப்ப உள்ளை போறது ஆர்?"

"ஏரம்பு. இரண்டு குமர்ப் பிள்ளையள் இருக்கு அவனுக்கு. மணி இல்லாமல் மூக்கை நம்பித்தான் போறான்."

மூன்று நாள் இருந்து எழுதினாள். கம்பியைக் கேட்கும் வரி எல்லாவற்றுக்கும் மேலே போனது. மறுத்தால் எந்தக் கம்பி, அதை யார் வைத்திருக்கிறார்கள், அதனால் எது நடக்காது, ஆள் என்ன செய்யவேண்டும் என்று நான்கையும் சொல்லவேண்டும். புரோகிராம் அதுவரை கம்ப்யூட்டரில் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கவேண்டும். பச்சை விளக்கு எரியவே கூடாது.

நாலாம் நாள் காலை நமசிவாயம் கற்பூரத் தட்டோடு நிற்க, ஏரம்பு வாசலில் நிற்க, அவள் பெட்டியைத் திறந்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது. அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ஏழாம் கம்பி அச்சுப்பொறியிடம் இருக்கிறது. வாயு மணி அடிக்காது. உள்ளே போகவேண்டாம்."

கற்பூரம் எரிந்து அணைந்தது.

"உது உப்பிடியே இருக்கட்டும்," என்றார். பிறகு, "அச்சுப்பொறியைக் கழட்டட்டோ?"

"தேவையில்லை. அஞ்சாம் கம்பி சும்மா கிடக்கு."

மணியின் அட்டையையும் புரோகிராமையும் ஐந்துக்கு மாற்றிப் பெட்டியை மறுபடி திறக்க, பச்சை விளக்கு எரிந்தது. அமோனியாவில் தோய்த்த பஞ்சைக் கருவிக்குக் கிட்டப் பிடித்ததும் மணி அடித்தது. இன்னும் இரண்டு தரம் அடிக்கவைத்துப் பார்த்தாள்.

"போயிட்டு வாங்கோ அண்ணை."

பச்சை விளக்கின் கீழே ஏரம்பு குனிந்து உள்ளே போனான். திரும்பி வரும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

அச்சுப்பொறியை ஒருவரும் தொடவில்லை. அது ஏழாம் கம்பியிலேயே இருந்தது.