எட்டு இருபது

தெருக் கடைக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் மின்னல். பகலெல்லாம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவான். இருட்டியதும் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். வலது கையில் கேமரா, எட்ட நீட்டிய இடது கையில் உள்ளங்கையளவு ஃபிளாஷ். ஏதோ யோசனையில் ஒருவர் நடந்து வரும்போது பக்கவாட்டிலிருந்து பளீரென்று வெளிச்சம் அடிக்கும். என்ன ஏது என்று அவர் திரும்புவதற்குள் இவன் பத்தடி தள்ளிப் போயிருப்பான். மழைக்குப் பிரயோஜனமில்லாத மின்னல் என்று பழச்சாறு கடைக்காரர் கிண்டல் செய்வார்.

கேட்டுவிட்டு எடுத்தால் முகம் மாறிவிடும் என்பது அவன் கட்சி. கேட்காமல் எடுப்பதற்கு ஈடாகத் தனக்குத்தானே ஒரு நியமம் வைத்திருந்தான். எடுத்த படத்தில் எதையும் திருத்தமாட்டான். தலைப்பு வைக்கமாட்டான். கேமரா பதிந்த தேதியையும் நேரத்தையும் மட்டும் கீழே எழுதுவான். தேறாத படங்களை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டால் பிறகு அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

நூலகத்தின் மாடிக் கூடத்தில் அவனுடைய நாற்பது படங்களை மாட்டினார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரு படத்தின் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றார்கள். பழச்சாறு கடையின் பச்சை விளக்கு ஒரு கன்னத்திலும் ஃபிளாஷின் வெள்ளை மறு கன்னத்திலும் விழ, கையில் டம்ளருடன் ஒரு பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க யாருக்கோ உழைத்துவிட்டு, தனக்கென்று ஒரு நிமிடம் கிடைத்தவளின் சிரிப்பு. கீழே, இரவு 8.20.

மூன்றாம் நாள் ஒருவர் அந்தப் படத்தையும் அதன் கீழிருந்த எழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் மாலை அந்தப் பெண்ணையே அழைத்துக்கொண்டு வந்து நின்றார். தன்னை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கூட வந்தவரின் முகத்தைப் பார்த்து அதை அடக்கிக்கொண்டாள்.

அவர் விஷயத்தைச் சொன்னார். நோயாளியான அவருடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய பெண் இவள். இரவு ஒன்பது வரை வேலை. இரண்டு மாதத்துக்கு முன், படத்தில் போட்டிருக்கும் அதே தேதியில், ஒன்பதே காலுக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது அப்பா கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். ஒன்பது மணிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன் என்கிறாள் இவள். மனைவிக்கோ இவள் சொன்னது ஞாபகம் இல்லை. இரண்டு மாதமாக இவள் சொல்வதை மறுக்க ஆதாரம் இல்லாமல் இருந்தது. இப்போது சுவரில் சாட்சி தொங்குகிறது.

"இந்த நேரம் சரிதானா சார்?"

"கேமரா போட்ட நேரம்ங்க. நான் அதுல கை வைக்கிறதில்ல."

அந்தப் பெண் இவன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நான் ஒம்பது ஆனப்புறம்தான் கெளம்பினேன். இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்கண்ணா."

பார்த்திருக்கலாம். கேமரா தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கூடத்தின் சுவரில் கடிகாரம் இருந்தது. இரண்டையும் ஒத்துப்பார்க்க அரை நிமிடம் போதும். ஆனால் பக்கத்தில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்குச் சுருக்கென்றது.

"இருவது வருஷமா பிழை திருத்துறேம்மா. தப்பா போட்டுட்டு மாட்டுற ஆளு நான் இல்ல."

அவள் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அகப்பட்டுக்கொண்டவளின் மௌனம் என்று அவன் அதை எடுத்துக்கொண்டான். அங்கேயே நின்று அவர் ஏஜென்சிக்கு ஃபோன் போட்டார்.

அதன்பின் ஐந்து மாதம் அவன் அதைப் பற்றி நினைக்கவில்லை. கணினியில் இடம் நிறைந்துவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒதுக்கிய படங்களை அழிக்க உட்கார்ந்தான். ஒரு படத்தில் யாரோ ஒருவரின் தோள் மட்டும் மங்கலாகக் குறுக்கே வந்திருந்தது. தோளுக்குப் பின்னால் பேருந்து நிலையத்துக் கடிகாரம். சிவப்பு எண்களில் 9.31. அதே படத்துக்குக் கேமரா பதிந்திருந்த நேரம் 8.31. அதே இரவு, பழச்சாறு கடையைத் தாண்டிப் பதினோரு நிமிடம் நடந்து எடுத்த படம்.

 கேமராவை எடுத்துப் பார்த்தான். கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்தான். சரியாக ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது. அந்தப் படங்களை எடுத்த வாரம்தான் அது மழையில் நனைந்து பழுதுக்குப் போய் வந்தது. பழுது பார்த்தவர் தேதியையும் நேரத்தையும் புதிதாக வைத்துக் கொடுத்திருந்தார். ஏழு மாதமாக ஒரு மணி நேரம் தப்பு. எத்தனையோ படத்தின் கீழ் அதைத் தன் கையால் எழுதியிருக்கிறான்.

மனைவியிடம் சொன்னான். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் கை நிற்காமல் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு கேட்டப்ப பாத்தீங்களா?"

அவன் கேமராவை எடுத்து உறையில் போட்டான்.

"பாக்கல" என்று அவளே சொல்லிக்கொண்டு நூலைக் கடித்தாள்.

கட்டிலிலிருந்து விழுந்த பெரியவரின் மகன் ஃபோனில் முழுதும் கேட்டார். "அப்பா போயி மூணு மாசமாச்சு சார். இப்ப இத வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண? என் பொண்டாட்டிய நிக்க வச்சுக் கேக்கவா?" என்றவர் வைத்துவிட்டார்.

ஏஜென்சியில் முதல் நாள் பிடிகொடுக்கவில்லை. இரண்டு படங்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது, பட்டியலிலிருந்து அடித்த அவள் பெயரைத் திரும்பச் சேர்க்கிறோம் என்றார்கள். அவள் இப்போது வேலை செய்யும் இடத்தையும் சொன்னார்கள். தங்கும் விடுதிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு சலவைக்கூடம்.

உள்ளே ஒரே ஆவி. குழல்விளக்குகளின் வெளிச்சத்தில் வெள்ளை விரிப்புகள் மலையாகக் கிடந்தன. அவனைப் பார்த்ததும் அவள் கண் முதலில் அவன் கைகளுக்குப் போயிற்று. அன்று அவன் கேமரா கொண்டுவரவில்லை. தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்து, அச்சிட்ட படங்களை நீட்டினான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"அப்ப நான் ஒம்பதுக்குத்தான் கெளம்பினேனா?"

அவள் ஏன் அதைக் கேள்வியாகக் கேட்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"ஆமாம்மா. நீங்க சொன்னதுதான் சரி."

அவள் விரிப்புக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க அத்தன பேரு முன்னால அடிச்சுச் சொன்னீங்களா, எனக்கே சந்தேகமாயிடுச்சுண்ணா. அவங்க வீட்டுக் கடிகாரத்த நான்தான் தப்பாப் பாத்துட்டேனோ, எட்டுக்கே விட்டுட்டு வந்துட்டேனோன்னு. படத்துல வேற அப்படிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவரு விழுந்து கெடக்குறாரு, நான் ஜூஸ் குடிச்சிட்டு சிரிக்கிறேன்னு தெனமும் நெனப்பேன்."

ஏஜென்சியில் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள் என்று அவன் அவசரமாகச் சொன்னான்.

"நடுவுல ரெண்டு வீட்ல கூப்பிட்டாங்க. நான்தான் போகல. வயசானவங்க கையப் பிடிச்சாலே என் கை நடுங்குது." கொஞ்சநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தாள். "பெரியவர் எப்படியிருக்காரு? நான் விட்டுட்டுப் போகலன்னு அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்ணா. நீங்களும் கூட வந்தா நம்புவாரு."

இயந்திரங்களின் இரைச்சலில் அது காதில் விழாததுபோல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பெரியவர் போய்விட்டார் என்று அவன் சொன்னான். மூன்று மாதமாயிற்று என்பதையும் சொன்னான்.

அவள் அழவில்லை. படங்களை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து, குவியலிலிருந்து ஒரு விரிப்பை உருவினாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் அதன் மறுமுனையைப் பிடித்தான். இருவருமாக மடித்தார்கள். விளிம்புகள் சேரவில்லை. அவள் அதை அவனிடமிருந்து வாங்கி, உதறி, தனியாகவே மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.