இரண்டு மணிக் கட்டம்

ஜெபாவுக்கு அந்த ஆஸ்பத்திரியின் மேல் இருந்த வெறுப்பு ஒரே நாளில் வந்ததல்ல. ஒன்பது வருஷமாகச் சேர்ந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற ரோட்டில் இருக்கிற ஆஸ்பத்திரி. ஜெனரல் வார்டில் இருபத்திரண்டு படுக்கை, அத்தனைக்கும் இரண்டே நர்ஸ். மே மாதம் நர்ஸ் தினமென்று கூப்பிட்டு வைத்துக் கேக் வெட்டி, நீங்களெல்லாம் தேவதைகள் என்பார்கள். மறுநாள் அந்தத் தேவதை பாத்ரூமுக்குப் போனாலும் எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்பார்கள். என்ன பிழைப்போ, கருமம்.

கூட வேலை பார்த்த திலகவதி இந்தக் கருமத்தைப் போன வருஷமே உதறிவிட்டாள். இப்போது அவள் டெய்லி டூட்டி நர்ஸ். ஏஜென்சிக்காரன் போன் போட்டால் இன்றைக்குப் பொன்னேரி, நாளைக்குத் திருவள்ளூர். டூட்டி முடிந்ததும் கையில் காசு. பிடித்த இடத்துக்கு மறுபடி போவாள், பிடிக்காத இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஆள் போதாத நாட்களில் ஜெபாவின் வார்டுக்கே வருவாள்.

“இன்னாடி, இன்னும் இங்கியே குந்திக்கினு கீற? ஒரு போன் போட்டன்னா நாளைக்கே ஒனக்கு டூட்டி. எவனுக்கும் கைகட்டி நிக்க வாணாம்” என்பாள்.

ஜெபாவுக்கும் போகத்தான் ஆசை. ராஜினாமாக் கடிதம் எழுதிப் பத்து நாளாகக் கைப்பையிலேயே கிடந்தது. தடுத்தது மாமியார் மேரி.

“கண்டவன் கழனியில நாள்கூலிக்குக் குனிஞ்சி குனிஞ்சி என் முதுகே போச்சி. இன்னிக்கி வா, நாளைக்கி வராதன்னுவான். ஒன் புருசனுக்கும் காண்ட்ராக்ட்டு வேல. இந்த ஊட்டுல மாசச் சம்பளம்னு வாங்கறவ நீ ஒருத்திதான். படிச்சிட்டு நீயும் நாள்கூலிக்குப் போவியா?”

புருஷன் லோகு தேர்வாய் கண்டிகை கம்பெனியில் இருந்தான். அவன் இதில் வாயே திறக்கவில்லை. போகலாமா வேண்டாமா என்று ஜெபாதான் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தாள்.

அந்த வார்டில் ஒரு பழக்கம் உண்டு. மதியம் இரண்டு மணிக்கு டூட்டி மாறும்போது எல்லா நோயாளிக்கும் பிரஷரும் நாடியும் பார்த்துச் சார்ட்டில் இரண்டு மணிக் கட்டத்தை நிரப்பியிருக்க வேண்டும். ஒவ்வொருவராகப் பட்டை கட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்துக்கு எங்கே போவது? பதினொன்றரை மணிக்கே பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பக்கத்துக் கட்டத்தில் நூற்றிருபது இருந்தால் இதில் நூற்றுப்பதினெட்டு. கீழே ‘டயட் டேக்கன், பேஷண்ட் கம்ஃபர்டபிள்’. அவ்வளவுதான் வைத்தியம். புதிதாக வருகிறவளுக்கு ஊசி போடக் கற்றுத் தருகிறார்களோ இல்லையோ, இதைக் கற்றுத் தந்துவிடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டூட்டியில் இருந்தது ஜெபாவும் திலகவதியும். பதினாலாம் படுக்கையில் ராஜமாணிக்கம் என்கிற பெரியவர், ஊத்துக்கோட்டைப் பக்கத்து நெல் விவசாயி. சளிக்காய்ச்சலென்று வந்து தேறிக்கொண்டிருந்தார். மகன் அன்புசெல்வன்தான் துணைக்கு இருந்தான். அவன் வெளியே போயிருந்த நேரம், பதினொன்றே முக்காலுக்கு ஜெபா பெரியவரின் சார்ட்டை எழுதினாள். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அவர் இறந்துபோனார். கால்மாட்டில் தொங்கிய சார்ட்டிலோ, இரண்டு மணிக்கு அவர் சாப்பிட்டுவிட்டுச் சௌக்கியமாக இருந்தார்.

அன்புசெல்வன் கத்தவில்லை. சார்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, “எங்க நைனா செத்து ஒரு மணி நேரம் கழிச்சி சோறு சாப்ட்டாரா சிஸ்டர்?” என்று கேட்டான். வார்டே கேட்டது.

மறுநாள் காலை மேனேஜர் சந்திரமோகன் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் டைப் அடித்த கடிதம் ஒன்று தயாராக இருந்தது. ‘இரண்டு மணிக் கட்டத்தை எழுதியது டெய்லி டூட்டி நர்ஸ் திலகவதி. எனக்கு அதுபற்றி எதுவும் தெரியாது.’ அடியில் ஜெபாவின் பெயர்.

“அது என் எழுத்து சார்.”

“ரெண்டு நம்பர்லயும் நாலு வார்த்தையிலயும் எவ எழுத்துன்னு யாரு கண்டுபிடிக்கறது? இனிஷியல் போட்ருக்கியா? இல்லல்ல. அவ நம்ம ரெஜிஸ்டர்லயே இல்லம்மா. ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டா அவளுக்கு பதிலா இன்னொருத்தி வரப்போறா. நீ நம்ம ஆளு. அடுத்த மாசம் வார்டு இன்சார்ஜ் நீதான்.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீயே எழுதினேன்னு சொன்னா நர்ஸிங் கவுன்சில்ல ஒன் பேர அடிச்சிருவாங்க. அப்புறம் இங்கயும் கெடயாது, டெய்லி டூட்டியும் கெடயாது. ஒன் ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் எங்க பீரோலதான் இருக்கு, ஞாபகம் வச்சிக்க.”

ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட ‘நம்ம ஆளு’ என்று அந்த வாய் சொன்னதில்லை. திலகவதியின் சுதந்திரம் என்னவென்று ஜெபாவுக்கு அப்போதுதான் விளங்கியது. எவனுக்கும் கைகட்டி நிற்காதவள் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம், கேட்க நாதி இல்லை. உள்ளே இருக்கிறவளுக்கோ கட்டிவிடுகிற வேலை. இதற்கு நாள் சம்பளம் என்ன, மாசச் சம்பளம் என்ன, தூ.

அதைவிட அருவருப்பு ஒன்று உண்டு. அவர் பேசி முடிப்பதற்குள் ஜெபாவின் கை பேனாவைத் தொட்டுவிட்டிருந்தது. அந்தக் கையைப் பார்க்க அவளுக்கே கூசியது.

கடிதத்தைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கத்தில் எழுதினாள்: ‘இரண்டு மணிக் கட்டத்தை எழுதியது நான். பதினொன்றே முக்காலுக்கே எழுதினேன். பிரஷர் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை. இந்த வார்டில் தினமும் இப்படித்தான் எழுதுகிறோம்.’ முழுப்பெயரும் போட்டுக் கையெழுத்திட்டாள்.

“பைத்தியமா ஒனக்கு? குட்றி அத” என்று சந்திரமோகன் எழுந்தார். அவள் மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஊத்துக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்ததும் திலகவதிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“இனிமே டூட்டிக்கு எனக்குச் சொல்லாதக்கா. ரெண்டும் போச்சி.”

“அந்தப் பக்கம் பதினோரு பேருக்கு நானுந்தான்டி அப்டி எழுதினேன். அவங்க சாவல, அவ்ளோதான்” என்றாள் திலகவதி.

அன்புசெல்வன் வீட்டு வாசலில் சாவுப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் பிளாஸ்டிக் சேர்களில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபாவை அடையாளம் தெரிந்ததும் அவன் முகம் இறுகியது. உள்ளே வா என்று சொல்லவில்லை. அவள் காகிதத்தை நீட்டினாள். நின்றபடியே படித்தான்.

“இத எங்க வேணா குடுங்க. நான் வந்து சொல்றேன்” என்றாள் ஜெபா.

அவன் இன்னொரு முறை படித்தான்.

“அப்ப பன்னெண்டு மணிக்கு அவர யாருமே பாக்கலியா?”

“பாக்கலைங்க. நான்தான் பாக்கணும். பாக்கல.”

அன்புசெல்வன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

“பன்னெண்டு மணி இருக்கும், நெஞ்சு அடைக்குதுடா, சிஸ்டர கூப்புடுன்னாரு. நான் எழுந்து அந்த சார்ட்ட பாத்தேன். கம்ஃபர்டபிள்னு போட்ருந்திச்சி. எந்த மணிக்கின்னு அப்ப பாக்கல. இப்பதான் பாத்து எழுதிட்டுப் போயிருக்காங்க, ஒண்ணும் இல்ல, படு நைனான்னு நான்தான் சொன்னேன். சரிடான்னு படுத்துக்கினாரு.”