எட்டுக் கொக்கி உறை

வானிலை ஆய்வு நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் ஒருவர், மோட்டார் சைக்கிளுக்கு மழை உறை வாங்க வேண்டுமென்றால் முதலில் என்ன செய்வார்? கடைக்குப் போவார் என்று நினைப்பவர்கள் அரசு அலுவலகத்தின் உள்ளே எட்டிப் பார்க்காதவர்கள். அவர் முதலில் ஒரு கோப்பைத் திறந்தார்.

பத்து வருட மழையளவு, காற்றின் திசை, சுற்றுச்சுவரோரம் வெயில் விழும் நேரம், வண்டியின் நீளம், அகலம், கண்ணாடியோடு உயரம், கண்ணாடி இல்லாமல் உயரம் எல்லாம் கோப்பில் ஏறின. அலுவலகத்தில் அவருக்குத் 'தூறல்' என்று பெயர். எந்த மேகத்தைக் காட்டினாலும் "லேசான தூறல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று சொல்லி எந்தப் பக்கமும் மாட்டாமல் நழுவிவிடுவார். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் திட்டவட்டமாகப் பேசினார். அதுவும் அலுவலகத்தில் இல்லை, வீட்டு வாசலில், மனைவியிடம்.

"இன்னிக்கு ஒரு பொட்டுகூட விழாது. ரெயின்கோட்டெல்லாம் எதுக்கு? தைரியமாப் போ."

அன்றைக்கு மதியம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் புண் துடைத்துக் கட்டுப் போடும் நர்ஸ் அவர் மனைவி. நாலாவது வீட்டிலிருந்து ஐந்தாவது வீட்டுக்குப் போகும் வழியில், ஒரு வளைவில் வண்டியோடு சறுக்கி விழுந்தாள். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஒரு தகடு, ஆறு திருகாணி, மூன்று மாத ஓய்வு. வண்டிக்கு ஒரு இண்டிகேட்டர் உடைந்ததோடு சரி.

அந்தக் காலைப் பேச்சைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. தான் ஏன் திறக்கவில்லை என்று தூறலுக்குத் தெரியும். அவள் ஏன் திறக்கவில்லை என்பதையும் அவரே முடிவு செய்துகொண்டார்: பெருந்தன்மை. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவளோ காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "பிளாஸ்டரைப் பிரிச்சதும் வண்டிய எடுக்கணும்" என்று தினமும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர் பேச்சை மாத்திரைப் பக்கம் திருப்பினார்.

குடியிருப்பில் கூரை போட்ட நிறுத்துமிடம் இருந்தது. ஆனால் கட்டடச் சங்கத் தலைவர், பன்னிரண்டு வீடுகளை மட்டுமே ஆள்பவர் என்றாலும், எப்போதும் மைக் முன்னால் நிற்பவர் போலத்தான் பேசுவார். "மேற்கூரை நான்கு சக்கரங்களுக்கு உரியது. இரண்டு சக்கரங்கள் சுவரோரம்" என்று சுற்றறிக்கையே விட்டிருந்தார். தினமும் ஓடின வரைக்கும் வண்டிக்கு அது பெரிய விஷயமாக இல்லை. நனையும், ஓடும், காயும். இப்போது மண் தரையில் மூன்று மாதம் நிற்க வேண்டும்.

கடைக்காரர் முதலில் ஓர் இளைத்த துணி உறையை விரித்தார்.

"ஒத்தைக் கொக்கி சார். மாட்டறது ஒரு நிமிஷம், கழட்டறது அரை நிமிஷம். துணி மூச்சு விடும்."

"துணி எதுக்கு மூச்சு விடணும்?"

"உள்ள இருக்கற ஈரம் வெளிய போகணும்ல?"

"உள்ள ஈரமே போகலைன்னா?"

கையில் கோப்போடு வரும் வாடிக்கையாளர்களைக் கடைக்காரர் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறார். ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். "அப்ப இதுதான் சார் உங்களுக்கு. அஞ்சு அடுக்கு. உள்ள ரப்பர் பூச்சு. சுத்தி எட்டுக் கொக்கி. கப்பலுக்கே போடலாம்."

"எங்கிட்ட கப்பல் இல்லையே."

"இதப் போட்டா வண்டியே கப்பல் மாதிரிதான் தெரியும்."

ஒரு சொம்புத் தண்ணீரை அதன் மேல் கொட்டிக் காட்டினார். முத்து முத்தாக உருண்டோடியது. தூறல் உள்பக்கத்தைக் கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்தார். காய்ந்த கைக்குட்டை.

"கழட்டறது கஷ்டமா இருக்குமோ?"

"திருடனே பாதியில வெறுத்துப் போய் வீட்டுக்குப் போயிடுவான் சார்."

அந்தப் பதில் அவருக்கு ஏன் அவ்வளவு இனித்தது என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கோப்பில் எழுத வேண்டியிருக்கும்.

முதல் நாள் மாட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. கொக்கிகளுக்கு மார்க்கரால் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டார். தலைவர் மாலை நடைக்கு வந்தவர் நின்றார்.

"என்ன சார், யாருக்குச் சிலை? திறப்பு விழா எப்ப? தேதி சொன்னீங்கன்னா நான் தலைமை தாங்கறேன்."

மேலே ஜன்னலிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அதுக்கு எதுக்குங்க எட்டுக் கொக்கி? கால் முளைச்சு ஓடிப் போயிடுமா?"

"காத்து அடிக்கும்ல."

மழை விஷயத்தில் அவர் இனி யாரையும் நம்புவதாக இல்லை. அவள் குளிக்கப் போகும்போது பிளாஸ்டர் நனையாமல் பாலிதீன் பை கட்டுவார். அதிலும் மேலிருந்து கீழ்வரை டேப். "கொஞ்சம் காலுக்கு ரத்தம் போகட்டும்ங்க" என்பாள் அவள். ஒரு சுற்றைப் பிரித்துவிட்டு வேறு இடத்தில் இரண்டு சுற்று ஒட்டுவார். அவளுடைய மாத்திரைக்கு மேகப் பதிவேட்டைப் போலவே ஓர் அட்டவணை வைத்திருந்தார்; ஒரு வேளைகூடத் தவறவில்லை. தலை சீவிவிடக் கற்றுக்கொண்டார். வகிடு மட்டும் வடகிழக்காகச் சாய்ந்தது.

பிளாஸ்டர் பிரித்த மறுநாள், அவள் கைத்தடியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். இருபத்தாறு படிகள். அவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஒருபடி, பின்னால் ஒருபடி என்று கூடவே வந்தார். சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார்.

"கழட்டுங்க."

"இன்னிக்கேவா? டாக்டர் இன்னும் ஒரு மாசம்..."

"ஓட்டப் போறதில்ல. பாக்கணும். கழட்டுங்க."

பதினேழு நிமிடம் ஆனது. ஆறாவது கொக்கி வர மறுத்தது. எட்டாவதும் விடுபட்டு உறை சரிந்தபோது, உள்ளேயிருந்து ஈரத் துணியைப் பெட்டிக்குள் மறந்துவிட்ட வாடை அடித்தது. இருக்கையில் வெள்ளையாகப் பூஞ்சை. செயின் செம்மண் நிறத்தில் இருந்தது. பிரேக் தட்டில் துரு படர்ந்திருந்தது. டேங்கின் மேல் ஒரு நீர்ச்சொட்டு நிதானமாக வழிந்து இறங்கியது.

"மழையே பெய்யலையே!" தூறலின் குரல் உடைந்தது. "போன மாசம் மொத்தமே நாலு மில்லிமீட்டர்தான்!"

அவள் உறையின் உள்பக்கத்தைத் தடவி, ஈரக் கையை அவரிடம் நீட்டினாள். "இது மேலேருந்து வரலைங்க. மண்ணுல இருக்கற ஈரம் வெயில்ல கெளம்பி, வெளிய போக வழியில்லாம, குளிர்ல இதுலயே ஒட்டியிருக்கு. பானைக்கு மூடி போட்டா மூடியில வேர்க்காதா?"

காற்றில் இருக்கும் ஈரம் எந்தக் குளிரில் நீர்த்துளியாக மாறும் என்பதைக் கணக்கிட்டு ஒரு நாளைக்கு எட்டு முறை பதிவேட்டில் எழுதுவதுதான் அவருடைய வேலை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அது தன் வீட்டு வாசலிலும் நடக்கக்கூடிய விஷயம் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவள் கொஞ்ச நேரம் அந்த எட்டு எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, உண்மையச் சொல்லுங்க. இது மழையத் தடுக்க வாங்கினதா, என்னத் தடுக்க வாங்கினதா?"

அவர் சட்டை நுனியால் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"நான்தானே சொன்னேன்."

"என்னத்த?"

"ஒரு பொட்டுகூட விழாதுன்னு. ரெயின்கோட் வேணாம்னு சொல்லி அனுப்பினது நான்தானே. என் பேச்சைக் கேட்டுத்தானே நீ..."

அவள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கைத்தடி நழுவி விழும் அளவுக்குச் சிரித்தாள்.

"நான் ரெயின்கோட் போட்டுக்கிட்டுத்தாங்க போனேன்!"

"என்னது?"

"வண்டிப் பெட்டியில எப்பவும் ஒண்ணு இருக்கும். கல்யாணமான புதுசுல ஒரு தடவ உங்க 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' பேச்சைக் கேட்டுத் தொப்பலா நனைஞ்சேன். அன்னிலேருந்து நீங்க சொல்லும்போது தலையாட்டிட்டு, ஜன்னல் வழியா வானத்தைப் பாத்துட்டுத்தான் கெளம்பறேன்."

"பத்தொன்பது வருஷமாவா?"

"ஆஸ்பத்திரியில கத்தரிக்கோலால வெட்டித்தான் அதை எடுத்தாங்க. நல்ல கோட்டு, பாவம். அந்த வளைவுல யாரோ வீடு கட்ட மணலைக் கொட்டி வெச்சிருந்தான். சக்கரம் அதுல ஏறிடுச்சு. சுள்ளுனு வெயிலடிச்சிருந்தாலும் விழுந்திருப்பேன்."

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டே இருந்தீங்க, ஆபீஸ்ல ஏதோ பிரச்சினைன்னு நெனச்சேன்."

தன் வாய்ச்சொல்லால் ஒரு கால் முறிந்துவிட்டது என்று மூன்று மாதமாக உருகியவருக்கு, அந்தச் சொல்லுக்கு வீட்டில் ஒருநாளும் மதிப்பே இருந்ததில்லை என்று தெரியவந்தால் சந்தோஷம்தான் வர வேண்டும். வந்தது. கண்ணில் தண்ணீரே வந்தது. ஆனாலும் பத்தொன்பது வருட அறிக்கைகள் பிரிக்கப்படாமலே போயிருக்கின்றன என்ற செய்தியை ஓர் அரசு ஊழியர் முழுதாக விழுங்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் அவர் தோளில் கை வைத்தாள். "பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான். அந்த வளைவை நெனச்சாலே கால் கூசுது. பதினேழு நிமிஷம் இங்க நின்னு கொக்கி கழட்டிக்கிட்டிருந்தேன்னா, பாதியிலயே மேல ஏறிப் போய்ப் படுத்துக்குவேன். அப்புறம் எந்தக் காலத்துலயும் இறங்கி வர மாட்டேன். புரியுதா?"

புரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் கடைக்குப் போனார்கள்.

"என்ன சார், கவர் கிழிஞ்சிடுச்சா?"

"இல்ல. அது கிழியவே கிழியாது. அதான் பிரச்சினை."

இந்த முறை கேள்வி கேட்டது அவள். கடை வாசலில் நின்ற ஒரு வண்டிக்கு ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி, இடது கையில் தடியை ஊன்றிக்கொண்டு வலது கையால் மட்டும் உருவிப் பார்த்தாள். ஒன்று கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. கொக்கியே இல்லாத இன்னொன்று, மின்விசிறியைத் திருப்பியதும் பறந்து போய்க் கடைக்காரர் தலையில் விழுந்தது. மூன்றாவதுதான் அந்த இளைத்த துணி. கண்ணாடிக்குக் கீழே காற்றுப் போக வலை வைத்த இரண்டு ஜன்னல், டேங்கில் கீறல் விழாமல் உள்ளே மெத்தென்று ஒரு துண்டு, பக்கவாட்டில் ஒரு கொக்கி. கொக்கியைக் குனியாமல் தடியின் நுனியால் தட்டினாள். விட்டது. ஒரே இழுப்பில் உறை கையோடு வந்தது.

தூறல் வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்க வாயெடுத்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

எட்டுக் கொக்கி உறையைச் சங்கத் தலைவர் தன் காருக்குக் கேட்டு வாங்கிப் போனார். மேற்கூரைக்கு அடியில் நிற்கும் காருக்கு. யாரும் தடுக்கவில்லை.

மெக்கானிக் வந்து துருவைத் தேய்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டுப் போனார். டாக்டர் சொன்ன மாதம் முடிந்த காலையில் அவள் ஹெல்மெட்டோடு கீழே வந்தாள். கொக்கியைத் தட்டினாள், இழுத்தாள், உறையைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தவள், கையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். அவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். வண்டி உறுமி, வாசலைத் தாண்டி, தெருமுனையில் திரும்பியது; சத்தம் தேய்ந்தது.

கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று அவர் உறையை மடிக்கத் தொடங்கினார். நீளவாட்டில் மடித்தால் அகலம் பிதுங்கியது. அகலவாட்டில் மடித்தால் கண்ணாடிக்கான இரண்டு கூம்புகள் கொம்பு மாதிரி எழுந்து நின்றன. முகவாயால் ஒரு நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் போராடிக்கொண்டிருந்தபோது தெருவின் மறுமுனையிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. அவள் ஒரு சுற்று முடித்து எதிரில் வந்து, காலை ஊன்றி நிறுத்தினாள். முகமெல்லாம் வியர்வை.

"இன்னும் மடிக்கலையா?"

"மடிக்க வரல."

"அப்ப நான் இன்னொரு சுத்துப் போயிட்டு வரட்டா? இந்தத் தடவ அந்த வளைவு வரைக்கும்."

அவர் முகவாயை நிமிர்த்தினார். உறை முழுவதும் பிரிந்து காலடியில் விழுந்தது.

"போயிட்டு வா," என்றார்.