விலகுவதற்கு ஒரு பொத்தான்

பொத்தேரியில் ஒரு மெஸ்ஸின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கீழே சாம்பார் தாளிக்கும் வாசனை வந்தபோது ரிஃபானா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். தண்ணீர் கேன் கம்பெனி ஒன்றுக்காக அவள் எழுதிவந்த போர்ட்டல் ஒருவழியாக முடிந்திருந்தது. மாதச் சந்தா கட்டிக் கேன் வாங்குகிறவர்கள் இனி ஃபோனிலேயே கேன் எண்ணிக்கையைக் கூட்டலாம், ஊருக்குப் போனால் நிறுத்திவைக்கலாம், வேண்டாமென்றால் விலகலாம். விலகும் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ஏபிஐ வழியாகக் கேன் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போய், சோதனைக் கணக்கு மூடப்பட்டதாகப் பதில் வந்தது. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பெருமையைவிட நிம்மதிதான் அதிகம். திங்கட்கிழமை மறைமலைநகரில் புது வேலையில் சேர வேண்டும். அசல் சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். அவை முதலாளி பார்த்திபனின் பீரோவில் இருந்தன. சேரும் அன்றே வாங்கிப் பூட்டிவைப்பது இந்த மாதிரி சின்னக் கம்பெனிகளில் வழக்கம். போர்ட்டல் முடிந்ததும் தருவதாகச் சொல்லியிருந்தார்.

பார்த்திபன் பின்னால் வந்து நின்று, தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

“இன்னாம்மா, இவ்ளோ ஈஸியா கீது? ஒரு தட்டு தட்னா கஸ்டமர் போயிடுவானே. கேன் கம்பெனி பார்ட்டி நம்மள சும்மா வுடுவாரா? பட்டன எடுத்துட்டு ஃபோன் நம்பர் போடு.”

“யார் நம்பர் சார்?”

“இப்போதிக்கு உன்னோடதே போடு. யார்னா போறேன்னா பேசி நிறுத்து.”

“சார், திங்கக்கெழம நான் ஜாயின் பண்ணணும். சர்டிஃபிகேட்டு...”

“அது எங்க ஓடிடப் போவுது? இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போம்மா.”

சாவிக்கொத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சாப்பிடக் கீழே இறங்கினார். ரிஃபானா மறுபடி கீபோர்டில் கையை வைத்தாள். பொத்தானை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டாள்.

போர்ட்டல் மறுநாள் திறந்தது. அதற்கடுத்த நாளே ஃபோன் வந்தது.

“மாமல்லபுரத்துலேர்ந்து கேசவன் பேசறேம்மா. டீக்கடைய மூடிட்டேன். மூட்ன கடை வாசல்ல உங்காளு தெனம் கேன் எறக்கினு போறான். பேங்குல டப்பு தானா போயிகினே கீது. இதுலேர்ந்து வெளிய வர வழியே இல்லியாம்மா?”

திரையில் கேசவனின் கணக்கு திறந்திருந்தது. அதை மூடும் கட்டளை ஒரே வரிதான், அவளுக்கு மனப்பாடம். எதிர் மேசையில் பார்த்திபன் தலையை நிமிர்த்தி, யாரென்று கண்ணால் கேட்டார். அவருக்குப் பின்னால் பீரோ.

“இருக்கியாம்மா லைன்ல?”

“இருக்கேண்ணா,” என்றாள் ரிஃபானா. “இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போங்கண்ணா.”