வல்லினம் விளையாத வருடம்

மணியங்குறிச்சியில் எல்லாருக்கும் பல் மக்காச்சோளம்தான். அறுவடை முடிந்ததும் பழசை உதிர்த்துவிட்டு, அவரவர் காட்டில் விளைந்த நல்ல கதிராகப் பார்த்து மணிகளை ஈறில் பதித்துக்கொள்வார்கள். கண்ணாடி மாதிரி மணி. அடுத்த அறுவடை வரை கரும்பு கடிக்கலாம், சண்டை போடலாம்.

அந்த வருடம் மணிகள் சுண்ணாம்புக்கட்டி மாதிரி விளைந்தன. வெயிலில் பிடித்தால் வெளிச்சம் உள்ளே போகவில்லை. நகத்தால் கீறினால் மாவு வந்தது. வேறு பல்லுக்கு எங்கே போவது? அதையே பதித்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் ஊரில் ஒருவர் வாயிலும் வல்லினம் வரவில்லை. க, ச, ட, த, ப, ற எல்லாம் பல்லில் பட்டதும் இளகி ங, ஞ, ண, ந, ம, ன என்று விழுந்தன.

தனக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டில் வாய் வைத்த ஆட்டைப் பார்த்து "போ!" என்று கத்தினாள். "மோ!" என்றுதான் வந்தது. யாரோ தன்னைக் கொஞ்சுகிறார்கள் என்று ஆடு இன்னும் கிட்டே வந்து நின்றது.

வேளாண்மை அலுவலர் ஜெபராஜ் வந்து ஒரு கதிரை ஒடித்துப் பார்த்தார். அவர் வெளியூர்க்காரர், எலும்புப் பல்.

"விதைக்குள்ள ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும்மா," என்றார். "மணியை இறுக்கிக் கட்டுற புரதம் குறைஞ்சுபோச்சு. அதுக்குப் பதிலா உடம்புக்கு ஆகுற புரதம் கூடியிருக்கு. பல்லு உதிர்ந்தா துப்பாதீங்க, முழுங்கிடுங்க. அவ்வளவும் சத்து."

"ஞந்நை யாரு ஙேண்ணா?" என்றாள் தனக்கொடி.

"நன்றிம்மா," என்றார் அவர்.

சத்தாம் சத்து! அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். கணவர் செத்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியது ஒரு கிணறும் அதைச் சுற்றியிருந்த துண்டுக் காடும்தான். வருடா வருடம் தை பிறந்ததும் கொழுந்தன் நல்லமுத்து நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிவந்து கிணற்றைக் கேட்பான். அவள் "முடியாது" என்பாள். அதில் வருகிற 'டி'யைக் கேட்டதுமே அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். அந்த ஊரில் பத்திரம், பதிவு எதுவும் கிடையாது. நாலு பேர் முன்னால் சொன்ன சொல்தான். சொல் தெளிவாக விழாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

அதனால் அந்த வருடம் கேட்டவனுக்கெல்லாம் கேட்டது கிடைத்துக்கொண்டிருந்தது. மேலத்தெரு அம்பிகாபதி "முணியாநு, முணியாநு" என்று கதறிக் கதறியே மாட்டுக்கொட்டகையையும் மனைவியின் தம்பியையும் பறிகொடுத்தார்.

காய்ந்த சோளத்தட்டையை அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் தனக்கொடிக்கு அந்தச் சொல் அகப்பட்டது. "இல்லை." அதில் வல்லினம் மருந்துக்கும் கிடையாது. சொல்லிப் பார்த்தாள். நறுக்கென்று வந்தது. சந்தோஷம் தாங்காமல் ஆட்டிடம் ஒரு தடவை, கிணற்றிடம் ஒரு தடவை சொன்னாள். வரப்புக்கு அந்தப் பக்கம் நின்ற நல்லமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

தை பிறந்தது. நல்லமுத்து நாலு பேரோடு ஜெபராஜையும் கூட்டிவந்தான். ஊரில் ஒழுங்காகக் கேள்வி கேட்கக்கூடிய வாய் அவருக்குத்தானே! எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் அவனே எழுதிக் காட்டியிருந்தான்.

"இந்தக் கிணத்தை நல்லமுத்து எடுத்துக்கிறதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டாம்மா?" என்றார் ஜெபராஜ்.

தனக்கொடி வாயைத் திறந்தாள். இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்த "இல்லை" நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் கிணறு போச்சு. பேசாமல் இருந்தாலும் போச்சு. கொழுந்தன் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சொல்லை அப்படியே விழுங்கினாள். கூடவே ஒரு முன்பல்லும் போய்விட்டது.

"ஆமா," என்றாள்.

பல்லே தேவைப்படாத சொல். நாலு பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஆட்சேபணை இருக்காம்," என்று ஜெபராஜ் குடையை எடுத்துக்கொண்டார்.

"ஙல்நெஞ்ஞங்ஙாரி!" என்று நல்லமுத்து தொண்டை கிழியக் கத்தினான். தாலாட்டு மாதிரி இருந்தது.

விழுங்கிய பல் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நாளில் தனக்கொடியின் உச்சந்தலையில் சோளப்பூ விரிந்தது. காதோரம் ஒரு கதிர் மணி பிடித்தது. நகத்தால் கீறிப் பார்த்தாள், மாவு வரவில்லை. கிளிகள் வர ஆரம்பித்தன.

அவள் அதே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்குப் போனாள்.

"ஙிளி விரண்ண வரியா?"

"முணியாநு!" என்றான் நல்லமுத்து.

நாலு பேரும் தலையாட்டினார்கள். மறுநாள் விடிந்ததும் அவன் கவணோடு வந்து அவள் பின்னாலேயே நடந்தான். அவள் கிணற்றடிக்குப் போய், தலைமேல் நின்ற பயிருக்குத் தண்ணீர் குடித்தாள்.