சுரைக்காயில் முள்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. ஒட்டுக்கேட்டேன்.

இதையே கொஞ்சம் கௌரவமாக எழுதிப் பார்த்தேன்: "கோபே நகரத்தின் ஒரு குளிர்கால நண்பகலில் இந்தக் கதை என்னைத் தேடி வந்தது." எங்கே வந்தது? நான்தான் கையில் கிச்சுடிக் கரண்டியோடு (கிச்சுடி என்றால் அரிசியும் பருப்பும் குழைந்த சோறு), சமையலறைத் திரைக்குப் பின்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தை மாசியில் வருகிற தங்கள் சரஸ்வதி பூஜைக்கு இந்த ஊர் வங்காளிகள் வாடகைக்கு எடுக்கிற கூடம் அது. வருஷா வருஷம் பரிமாறுகிறவள் நான். பானைக்குப் பக்கத்தில் நிற்கிறவளையும் பானையாகவே நினைத்துக்கொண்டு எல்லாரும் மனம்விட்டுப் பேசுவார்கள். எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது.

2

முதல் ஆரம்பம்: "மொழிபெயர்ப்பாளர் ஷிபதோஷ் பாக்சி கடலைப் பார்த்தபடி நின்றார். அவர் கண்களில் பிறந்த மண்ணின் —"

நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஷிபு கடலைப் பார்த்து நான் பார்த்ததில்லை. அவர் பார்க்கிறதெல்லாம் பஸ் வருகிற திசையைத்தான், அதுவும் பஸ் போன பிறகு.

இரண்டாவது: "இரு மொழிகளுக்கு நடுவே ஒரு பாலமாக —"

எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரு பாலத்தைக் கட்டிவிடுகிறோம். அதன்மேல் யாராவது நடந்தார்களா என்று ஒருத்தரும் போய்ப் பார்ப்பதில்லை.

சரி, உள்ளதை உள்ளபடி. ஷிபதோஷ் பாக்சிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வங்காள மொழி சொல்லிக்கொடுக்கிறார். வகுப்பில் மாணவர்களைவிட நாற்காலிகள் அதிகம். மிச்ச நேரமெல்லாம் ஜப்பானிய நாவல்களை வங்காள மொழியில் பெயர்த்து எழுதுகிறார். நவம்பர் பிறந்துவிட்டால் காதையும் கழுத்தையும் மூடுகிற குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொள்வார். ஏப்ரலில்தான் அவருக்குக் காது இருப்பது ஞாபகம் வரும். அவர் கையெழுத்தை உலகத்தில் படிக்கத் தெரிந்தது இரண்டு பேருக்கு: ஒன்று அவர் மனைவி கேயா, இன்னொன்று கடவுள். கணினியில் தட்டித் தருகிற வேலை, கடவுளுக்கு நேரமில்லாததால், கேயாவுடையது.

அப்புறம் ஒரு அம்மா உண்டு. கொல்கத்தாவில், ஷியாம்பஜாரில். பெயர் நிபானனி. கதை அவளுடையதுதான். இத்தனை தூரம் சுற்றி வந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு நேர் வழி தெரியாது.

3

ஷிபுவுக்கு ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். அன்றோடு நிபானனி மீனை விட்டாள். அவர்கள் ஜாதியில் அந்தக் காலத்தில் விதவைக்கு அதுதான் முறை. வங்காளிக்கு மீனை விடுவதென்றால் என்ன என்று நான் சொல்லி விளங்காது. வீட்டில் எல்லாருக்கும் மீனைக் கழுவி, மஞ்சள் தடவி, கடுகு எண்ணெயில் பொரித்து, பிள்ளைக்கு முள் பார்த்துக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தனி அடுப்பில் தனக்குச் சோறு வடிப்பாள். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை பின்னால் மொழிபெயர்ப்பாளன் ஆனான். அவர் புத்தகங்களின் ஒவ்வொரு முன்னுரையிலும் அம்மா வந்துவிடுவாள், மீன் தின்னாமல். படித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.*

[* நானும் துடைத்துக்கொண்டேன். இரண்டாவது புத்தகத்தில் துடைத்துக்கொண்டேன். நாலாவதில் கொஞ்சம் எரிச்சல் வந்தது. அதை இங்கேதான் சொல்கிறேன்.]

போன வருஷம் அவர் கையில் எடுத்தது இசோகாவா தோமெ என்கிற அம்மாளின் நாவல். உள்கடல் ஓரத்து ஊர்க்காரி, எண்பது வயசு, ஆள் காய்ந்த மிளகாய் மாதிரி இருப்பார். நாவலில் கினு என்று ஒருத்தி. புருஷனை எரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், வந்தவர்களெல்லாம் போன பிறகு, கொல்லையில் அடுப்பை மூட்டி, ஒரு முழுக் கானாங்கெளுத்தியை உப்புப் போட்டுச் சுட்டு, தனியாக உட்கார்ந்து தின்கிறாள். முள்ளையெல்லாம் தட்டோரத்தில் வரிசையாக வைக்கிறாள். அப்புறம்தான் அழுகிறாள். நாவலின் நடு நரம்பே அந்த இடம்தான்.

ஷிபுவுக்கு ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, அந்த வாரம் முடித்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டுவார். அந்த அத்தியாயம் வந்தபோது அவரால் முடியவில்லை. ஒரு விதவை மீன் தின்பதை அம்மா காதில் எப்படிப் போடுவது? மீனை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் வேகவைத்த சுரைக்காயை வைத்தார். அம்மா கேட்டுக்கொண்டாள். மனிதர் பெருமூச்சு விட்டார். மாற்றியதை மாற்றியபடியே கேயாவிடம் கொடுத்துவிட்டார்.

மீனை எடுத்தவர், முள்ளை எடுக்க மறந்துவிட்டார்.

கேயா தட்டிக்கொண்டே வந்தாள். கினு சுரைக்காயைத் தின்றாள். சரி. தின்றுவிட்டு முள்ளைத் தட்டோரத்தில் வரிசையாக வைத்தாள். கேயா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு மூலத்தை எடுத்துப் பார்த்தாள். (அவளுக்கு ஜப்பானிய மொழி புருஷனைவிட நன்றாகவே வரும். அந்த வீட்டில் இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.)

"இது என்ன சுரைக்காய், எந்தக் கடல்ல பிடிச்சது?" என்று கேட்டாளாம்.

அம்மா புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாய்ப் படிப்பாள், அவள் மனசை நோகடிக்க முடியாது என்று ஷிபு வாதாடினார். கொல்கத்தாப் புத்தகச் சந்தைக்காக அச்சகம் காத்துக்கொண்டிருந்தது. சண்டை முடியாமலே பூஜை நாள் வந்துவிட்டது.

4

இந்த இடத்தில் ஒரு பெரிய காட்சி எழுத ஆசைப்பட்டேன். மின்னல், இடி — எதுவும் இல்லை. வெளியே வெயில், உள்ளே கிச்சுடி, தக்காளிச் சட்னி.

சரஸ்வதி பூஜையன்று புத்தகம், பேனா எல்லாவற்றையும் தேவி காலடியில் வைத்துவிடுவார்கள். அன்றைக்குப் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. மறுநாள் தயிரும் அவலும் படைத்த பிறகுதான் எடுக்கலாம். நம் ஷிபு காலையிலேயே நாவலின் தாள்கட்டு மொத்தத்தையும் கொண்டுவந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகங்களுக்கு அடியில் செருகிவிட்டார். பக்தி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஒரு நாள் தப்பிக்கிற வழி என்று கேயாவுக்கும் எனக்கும் தெரியும்.

அவருடைய கெட்ட நேரம், இசோகாவா அம்மாளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கேயா அவருக்குத் தட்டு வைத்தாள். கூடவே விஷயத்தையும் வைத்துவிட்டாள்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. கிச்சுடியை இன்னும் இரண்டு வாய் தின்றார். பிறகு ஷிபுவைப் பார்த்துச் சொன்னார்:

"பாக்சி சார், காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்காம இருந்தவ கினு. வெந்த சுரைக்காயைத் தின்னுட்டு எவளாவது அழுவாளா? எரிச்சல்தான் வரும். மீனைத் திருப்பி வைங்க. முடியாதுன்னா புத்தகம் வேணாம்."

ஷிபு குல்லாயைக் கழற்றிக் கையில் பிசைந்தார். அம்மாவைப் பற்றிச் சொன்னார், முன்னுரையில் எழுதுகிற மாதிரியே. ஒன்பது வயசு, தனி அடுப்பு, முள் பார்த்துக் கொடுத்த கை. இசோகாவா அம்மாள் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேயாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அம்மாவுக்கு மனசு நோகும், நோகும்ங்கிறியே, ஒரு தடவை அவங்களைக் கேட்டியா? போன் இருக்கு. அவங்களும் இருக்காங்க. கூப்பிடு."

"இன்னிக்குப் படிக்கக் கூடாது. கட்டு தேவி காலடியில இருக்கு."

"யாரு படிக்கச் சொன்னா? வாயால சொல்லு."

மாட்டிக்கொண்டார். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், சமையலறைத் திரைக்கு நேர் எதிரே, சத்தம் குறைவாக இருக்கிற இடம் என்று மூன்று பேரும் போய் நின்றுகொண்டார்கள். கேயா போனில் ஒலிபெருக்கியைப் போட்டாள். என் கரண்டி நகரவில்லை. (கிச்சுடி கொஞ்சம் அடிப்பிடித்தது. அடுப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.)

5

"ஹாபு, சாப்பிட்டியா?" என்றாள் நிபானனி. ஷிபதோஷுக்கு வீட்டில் அதுதான் பெயர். பெரிய அறிஞர், ஹாபு.

சுற்றி வளைத்து, போன மாதம் சொன்ன கதையில் ஒரு இடத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், மறுபடி சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். கையில் தாள் இல்லை. தாள் இருந்திருந்தால் சுரைக்காயே வந்திருக்கும். வாய்க்கு மூலம்தான் ஞாபகம் இருந்தது. அடுப்பு வந்தது, புகை வந்தது, பின்னாலேயே மீன் வந்துவிட்டது. வந்த மீனை அவரால் திருப்பி அனுப்ப முடியவில்லை. முழுசும் சொல்லிவிட்டார்.



"மா?"

"மஞ்சள் தடவலையா?"

"இல்ல மா. உப்பு மட்டும்தான்."

"கவிச்சி அடிக்குமே." அப்புறம், "மொதல்ல எந்தப் பக்கம் தின்னா? வயித்துப் பக்கமா?" என்று கேட்டாள்.

நாவலில் அது இல்லை. ஷிபு திரும்பி இசோகாவா அம்மாளிடம் கேட்டார். அந்த அம்மாள் யோசிக்காமல் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"வயித்துப் பக்கம்தான் மா."

"தெரிஞ்சவதான்," என்றாள் நிபானனி. "இன்னொரு தடவை சொல்லு. மெதுவா."

சொன்னார். இரண்டாவது தடவை அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. முடிந்ததும், உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று பயந்துதான் மாற்றினேன், அப்பாவுக்காக நீ விட்டாயே என்றார்.

"உங்கப்பாவுக்காகவா? அந்த மனுஷன் தன் தட்டுலேர்ந்து எடுத்து எனக்கு ஊட்டுவாரு. உன் ஜெட்டிமா பாத்துட்டே இருந்தா, அதனால விட்டேன்."

ஜெட்டிமா என்றால் ஷிபுவின் பெரியப்பா மனைவி, நிபானனிக்கு ஓரகத்தி. அந்த வீட்டை ஆண்டவள்.

"ஜெட்டிமா போய் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சே மா. அப்புறம் ஏன்?"

"அப்புறம் நீ பாத்துட்டே இருந்தியே, ஹாபு."

திட்டுகிற குரல் இல்லை. மழை வருகிற மாதிரி இருக்கு, துணியை எடு என்கிற குரல். ஷிபு செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டார். கேயா போனை வாங்கி, வேறு ஏதோ பேசினாள். நான் திரைக்கு உள்ளே போய்விட்டேன். ஒட்டுக்கேட்கிறவளுக்கும் ஒரு எல்லை உண்டு. எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

6

மறுநாள் தயிர் அவல் ஆனதும் ஷிபு தாள்கட்டை எடுத்து, சுரைக்காயை அடித்து, கானாங்கெளுத்தியை எழுதினார். முன்னுரையையும் அடித்தார். அதற்குப் பதிலாக எதுவும் எழுதவில்லை. புத்தகம் முன்னுரை இல்லாமலே வந்தது. அவர் எழுதியதிலேயே சிறந்தது என்று நான் நினைக்கிறேன். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

புத்தகச் சந்தைக்கு இரண்டு பேரும் கொல்கத்தா போனார்கள். கேயா திரும்பி வந்து எனக்குச் சொன்னது இவ்வளவுதான் (அவளுக்கு நான் மாஷிமா, அதாவது சித்தி): "மாஷிமா, போன மறுநாள் மத்தியானம் மூணு தட்டு வச்சேன். மூணுலயும் மீன். ஷிபு சட்டுனு எந்திரிச்சு, தன் தட்டைத் தூக்கிட்டு வராந்தாவுக்குப் போயி, எங்களுக்கு முதுகைக் காட்டி உக்காந்துட்டான். நானும் என் தட்டை எடுத்துட்டு அவன் பின்னாலயே போயிட்டேன்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் எனக்கெப்படித் தெரியும்? திரும்பிப் பாக்கலையே."

"தட்டைக் கழுவினவங்க யாரு?"

"அம்மாவே கழுவி வச்சிருந்தாங்க."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பெண் அங்கே போய்வந்தாள், கதைக்கு முடிவு மட்டும் கொண்டுவரவில்லை. நானே செய்துபார்த்தேன்.

முடிவு ஒன்று: நிபானனி வயிற்றுப் பக்கம் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் வைத்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் அவள் நாக்கில் — வேண்டாம். இதை எழுதும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. எனக்கு வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

முடிவு இரண்டு: மீனைப் பூனைக்கு வைத்தாள். நாக்கு மறந்துவிட்டது, கவிச்சி தாங்கவில்லை. இது நடக்கக்கூடியதுதான். ஆனால் இப்படி எழுதினால் கெட்டிக்காரி என்று நாலு பேர் சொல்வார்கள் என்ற ஆசைதான் பேனாவைத் தள்ளியது.

முடிவு மூன்று: மீனைத் தின்றுவிட்டு, மஞ்சள் குறைச்சல் என்று —

இதை எழுதிக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. சாப்பாட்டறையில் நிபானனி உட்கார்ந்திருக்கிறாள். எதிரில் தட்டு. பிள்ளை முதுகைக் காட்டிவிட்டான், மருமகள் போய்விட்டாள், ஓரகத்தி எப்போதோ போய்ச் சேர்ந்தாள். கை இன்னும் தட்டுக்குப் போகவில்லை. அந்த அறையில் இன்னும் யார் இருக்கிறார்கள்?

நான் இருக்கிறேன். நீங்களும், கண்ணுகளா, கழுத்தை நீட்டிக்கொண்டு.

எழுந்திருங்கள். நான் கதவைச் சாத்துகிறேன்.