ஊதுவாய்

"அம்மா, இன்னும் கொஞ்சம் சோப்பு குடு."

ட்ரம்பெட்டிலிருந்து கழற்றிய பித்தளை ஊதுவாயைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றாள் மகள். இது நான்காவது கழுவல். அம்மா சோப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"போதும்டி. தேய்ச்சுத் தேய்ச்சு கரைச்சிடுவ போலருக்கு. என்னதான் ஆச்சு?"

"நாளைக்குத் திருப்பிக் குடுக்கணுமாம். நல்லாக் கழுவிக் கொண்டான்னு சார் சொன்னாரு. என் வாயில கிருமி இருக்குதாம்."

"எந்த மகராசி கண்டுபிடிச்சா?"

"மருந்துக்கடைக்காரம்மா. லெட்டர் எழுதிக் குடுத்திருக்காங்க."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கிருமி மகள் வாயில் இல்லை, பள்ளிக்கூடத்தில் தான் பிடிக்கும் விளக்குமாற்றில் இருக்கிறது.

மகள் படிக்கிற அதே பள்ளிக்கூடத்தில்தான் அவளுக்கு வேலை. எல்லாரும் ஆயாம்மா என்பார்கள். பன்னிரண்டு கக்கூஸும் இரண்டு நீளத் தாழ்வாரமும் அவள் பொறுப்பு. மகளுக்குப் பதினோரு வயது. ஒல்லியோ ஒல்லி, அதனால் ஈர்க்கு என்று பெயர். அந்த ஈர்க்குச்சிக்குள் அவ்வளவு காற்று எங்கே இருந்ததோ, ட்ரம்பெட்டை வாயில் வைத்த முதல் நாளே தாழ்வாரத்துப் புறாக்களெல்லாம் இடம் மாறின.

பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தர ஓர் அமைப்பு வந்து, பத்து வாத்தியங்களை இறக்கிவிட்டுப் போயிருந்தது. கூடவே ஓர் இளவயது இசை வாத்தியார். இரண்டு பிள்ளைக்கு ஒரு வாத்தியம். ஒரு வாரம் இவள் வீட்டில், அடுத்த வாரம் அவள் வீட்டில். ட்ரம்பெட் ஈர்க்குக்கும் மருந்துக்கடைக்காரர் மகளுக்கும் விழுந்தது. கச்சேரிப் பாட்டை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். முன்பாதி அவளுக்கு, மேலே மேலே ஏறுகிற பின்பாதி ஈர்க்குக்கு.

இரண்டும் ஒரே மிட்டாயைக் காக்காக் கடி கடித்துத் தின்கிற சோடி. யார் எச்சில் எது என்று பிரிக்க முடியாதபடி எப்போதோ கலந்தாயிற்று. மருந்துக்கடைக்காரம்மாவுக்கு அது தெரியவரத்தான் ஒரு மாதம் பிடித்தது. வக்கீல் மகனும் டெய்லர் மகளும் ஒரே புல்லாங்குழலை ஊதினார்கள். அதில் ஒரு கிருமியும் ஏறவில்லை. கிருமிக்கும் ஆள் தெரியும் போலிருக்கிறது.

மறுநாள் காலை ஆயாம்மா ஹெட்மாஸ்டர் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே இசை வாத்தியாரும் இருந்தார்.

"பெரியவங்க சின்னவங்கன்னு வித்தியாசம் பாக்கறவன் இல்லம்மா நான்," என்றார் ஹெட்மாஸ்டர். "இது வெறும் சுகாதாரம்."

"சுகாதாரமா சார்? இந்தப் பள்ளிக்கூடத்துல அந்த டிபார்ட்மெண்டே நான்தானே."

ஹெட்மாஸ்டருக்கு இருமல் வந்தது. "உன் பொண்ண நீக்கிடலயே. ட்ரையாங்கிள் குடுத்திருக்கு. அதுவும் வாத்தியந்தான்."

"அந்த வளச்ச கம்பியா சார்?"

ஹெட்மாஸ்டர் இசை வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தன் செருப்பைப் பார்த்தார். அடுத்த வருஷமும் திட்டம் நடக்க வேண்டுமானால் ஹெட்மாஸ்டர் கையெழுத்து வேண்டும். நல்ல பையன்தான், ஆனால் அந்தக் கையெழுத்து அவர் தொண்டைக்குக் குறுக்கே நின்றது.

"அப்புறம், கச்சேரிக்கு நகராட்சித் தலைவர் வர்றாரு," என்றார் ஹெட்மாஸ்டர். "நீ ஹால் பக்கம் தலகாட்டாத. கக்கூஸ்கிட்டயே இரு. யாராச்சும் அசிங்கம் பண்ணிட்டா உடனே கழுவணும்."

"சரிங்க சார்."

அவளைக் கேட்காமலே அவள் வாயிலிருந்து வரும் சொற்கள் அவை இரண்டும். பதினாலு வருஷப் பழக்கம்.

கச்சேரி மத்தியானம் மூன்று மணிக்கு. இரண்டே முக்காலுக்கு ஆயாம்மா முகம் கழுவினாள், தலைவாரினாள், வேலை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பன்னிரண்டு கதவையும் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே ஹாலுக்குள் போனாள். முன்வரிசையில், நகராட்சித் தலைவருக்கு நாலு நாற்காலி தள்ளி ஓர் இடம் காலியாயிருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து நாற்காலிக்காரர்கள் நெளிந்தார்கள். ஹெட்மாஸ்டர் தூரத்திலிருந்தே கண்ணை உருட்டினார். அவளை எழுப்ப வேண்டுமானால் யாராவது தோளைத் தொட வேண்டும். தொடத்தான் அங்கே ஆளில்லை.

நகராட்சித் தலைவர் நாற்பது நிமிஷம் பேசினார். இசைக்கு மேலென்ன கீழென்ன என்றார், எல்லாரும் ஒன்று என்றார். பேசி முடிப்பதற்குள் இரண்டு பாட்டில் தண்ணீரும் முடிந்தது.

அப்புறம் பிள்ளைகள் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மகள் நடுவில் ட்ரம்பெட்டோடு நின்றாள். ஈர்க்கு கடைசி ஓரத்தில், திரைக்குப் பாதி மறைவில், கம்பியோடு. முன்பாதி நன்றாகவே போயிற்று. மேலே ஏற வேண்டிய இடம் வந்ததும் ட்ரம்பெட் விக்கியது. பிறகு வெறும் காற்று வந்தது. அதுவும் நின்றது. அந்தப் பாதியை அவள் ஒரு நாளும் ஊதியதில்லை. அவள் அம்மா லெட்டர் எழுதிவிட்டாள், பாட்டைக் கற்றுக்கொடுக்க லெட்டரால் ஆகுமா. மருந்துக்கடைக்காரர் மகள் திரும்பி ஓரத்தைப் பார்த்தாள்.

ஈர்க்கு கம்பியைத் தாழ்த்திக்கொண்டு வாயைத் திறந்தாள். சொல் எதுவும் இல்லை. ஊதவேண்டிய பின்பாதியை அப்படியே குரலில் பாடினாள். இசை வாத்தியாரின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர், முதல் தடவையாகத் தன் செருப்பைப் பார்க்காமல், அவளைப் பார்த்துத் தாளம் போட்டார்.

அப்போது பார்த்து ஹெட்மாஸ்டர் குனிந்து குனிந்து முன்வரிசைக்கு வந்தார்.

"ஆயாம்மா, சாவி."

"எதுக்குங்க சார்?"

"தலைவருக்கு அவசரம்."

"எம்பொண்ணு பாடிக்கிட்டிருக்கா சார்."

"ரொம்ப அவசரம்மா."

அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்சம் அடக்கிக்கச் சொல்லுங்க. நாங்கல்லாம் எவ்வளவு அடக்கியிருக்கோம்."

தலைவர் கால்மேல் கால் போட்டார். காலை மாற்றிப் போட்டார். முன்னும் பின்னும் ஆடினார். பெரிய ரசிகர் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் முடிந்தது. ஆயாம்மா எல்லாருக்கும் கடைசியாகத் தட்டி முடித்து, சாவியை எடுத்து நீட்டினாள். ஹெட்மாஸ்டர் அவள் கையிலிருந்தே, விரலோடு விரல் உரச, பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். அவசரத்துக்குக் கிருமியும் இல்லை.

மறுநாள் விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. ஆயாம்மா விளக்கம் எழுதவில்லை. வேலையை விட்டு நிறுத்தலாமா என்று ஹெட்மாஸ்டர் யோசித்தார். யார் வந்து கழுவுவது என்று அடுத்ததாக யோசித்தார். தாள் மேஜைக்குள் போயிற்று.

மருந்துக்கடைக்காரம்மா மகளுக்குப் புத்தம்புது ட்ரம்பெட் வாங்கிக் கொடுத்தாள். பழைய ட்ரம்பெட்டை இசை வாத்தியார் வேறு பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். அது யார் வாய் பட்டது என்பது ஊருக்கே தெரிந்திருந்ததால், ஒரு பெற்றோரும் ஒப்பவில்லை. கடைசியில் அதை ஈர்க்கிடமே நிரந்தரமாகக் கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைக்கு ஒரு வாத்தியம் என்ற திட்டத்தில், முழு வாத்தியம் கிடைத்த ஒரே பிள்ளை அவள்தான்.

"அதிர்ஷ்டம்தாம்மா," என்றாள் ஈர்க்கு.

"இதுக்குப் பேரு அதிர்ஷ்டம் இல்லடி," என்றாள் அம்மா. வேறு பேர் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மதிய இடைவேளையில் மருந்துக்கடைக்காரர் மகள் தன் புது ட்ரம்பெட்டோடு கக்கூஸ் பின்பக்கத்துச் சந்து முனையில் வந்து நின்றாள்.

"ஆயாம்மா, அவ எனக்குப் பின்பாதி சொல்லித் தருவாளா? அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க."

"உள்ள வா."

சுவரை ஒட்டி அவளும் ஈர்க்கும் உட்கார்ந்தார்கள். ஒரு ட்ரம்பெட் பெட்டியிலேயே கிடந்தது. மற்றொன்று வாய் மாறி வாய் போய்க்கொண்டிருந்தது.

ஆயாம்மா பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் திறந்து, அந்தப் பக்கம் வரும் வழி நெடுக வழக்கத்தைவிட இரண்டு பிடி கூடுதலாகத் தூவினாள். அந்த வாடையைத் தாண்டி எந்தச் சீமாட்டியும் வரமாட்டாள். பிறகு விளக்குமாற்றைக் குறுக்கே வைத்துக்கொண்டு சந்து வாசலில் உட்கார்ந்தாள்.